கதையில மெசேஜ் எங்க?

போன செமஸ்டர் ஒரு இன்டர்-காலேஜ் கல்ச்சுரல்ஸில் தமிழ்ச் சிறுகதைப் போட்டிக்கு ஒரு கதை எழுதிக் கொடுத்தேன். எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்சவன் நான். தமிழில் ஒரு பக்கம் எழுதி முடிக்க எனக்கு ஒரு ராத்திரி ஆகும். ல, ள, ழ சந்தேகம் வந்தால் அம்மாவுக்கு போன் போடுவேன். அப்படிக் கஷ்டப்பட்டு எழுதின கதை.

கதை எங்க ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை செய்யும் ஒரு அண்ணனைப் பற்றியது. நாங்க எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, அவர் தட்டை எடுத்துக்கிட்டு, பாத்திரம் கழுவற இடத்துக்குப் பக்கத்தில் நின்னுக்கிட்டே சாப்பிடுவார். அவ்வளவுதான் கதை. பரிசு வரலை, அது பரவாயில்லை. ஆனா நடுவர் என்னைக் கூப்பிட்டு அன்பாகவே ஒரு கேள்வி கேட்டார். "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. கதையில மெசேஜ் எங்க?"

எனக்கு பதில் தெரியல. தலையாட்டிட்டு வந்துட்டேன்.

பதில் மாதிரி ஒண்ணு கிடைச்சது ரெண்டு மாசம் கழிச்சு. பிளேஸ்மென்ட்டுக்கு ஆப்டிட்யூட் புக் தேடி ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போயிருந்தேன். அங்கே ஆரஞ்சு அட்டை போட்ட ஒரு ஆப்பிரிக்கச் சிறுகதைத் தொகுப்பு கிடந்தது. 60 ரூபாய். அதிலிருந்த தென் ஆப்பிரிக்கக் கதைகள் என்னைப் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் லைப்ரரி, நெட்னு தேடித் தேடி ஒரு இருபது கதையாவது படிச்சிருப்பேன். ஆப்டிட்யூட் புக் இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது.

தோல் நிறத்தை வெச்சு மனுஷனைப் பிரிச்சு ஆண்ட ஒரு அரசாங்கத்தின் கீழே கதை எழுதறவங்க என்ன செய்தாங்க? அவங்க செய்தது எதிர்ப்பா, வெறும் எழுத்தா? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

நாலு டப்பா

சிபிஎஸ்இ படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும், பத்தாவது இங்கிலீஷ் புக்கில் நெல்சன் மண்டேலா பாடம் வரும். நானும் படிச்சேன், மார்க் வாங்கினேன், மறந்துட்டேன். 'அபார்தைட்' என்ற வார்த்தைக்கு ஒரு மார்க் கேள்வியில் அர்த்தம் எழுதினது மட்டும் ஞாபகம் இருக்கு. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அதுக்கு 'தனித்தனியாக இருத்தல்' என்று பொருள். கேட்க எவ்வளவு சாதுவா இருக்கு பாருங்க!

1948 தேர்தலில் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அதற்கு முன்பும் அங்கே நிறப் பாகுபாடு இருந்தது. இவங்க வந்து அதை ஒரு முழு சிஸ்டமாக ஆக்கினாங்க. 1950ல் மக்கள் பதிவுச் சட்டம் வந்தது. நாட்டில் உள்ள ஒவ்வொருத்தரும் ஏதோ ஒரு இனமாகப் பதிவாகணும். வெள்ளையர், கறுப்பர், 'கலர்ட்' என்று அவர்கள் பெயர் வைத்த கலப்பினத்தார், பிறகு இந்தியர். மொத்தம் நாலு டப்பா. யாராவது எந்த டப்பா என்று சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் சொருகிப் பார்த்த கதையெல்லாம் நடந்திருக்கு. பென்சில் கீழே விழுந்தால் ஒரு வாழ்க்கை, முடியில் சிக்கி நின்றால் வேறொரு வாழ்க்கை. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி வெவ்வேறு டப்பாவில் போன குடும்பங்கள் உண்டு.

நாங்க மெஷின் லேர்னிங் லேபில் கிளாசிஃபிகேஷன் என்று ஒரு எக்ஸ்பெரிமென்ட் செய்வோம். பூக்களின் அளவை வெச்சு எந்த வகைப் பூ என்று பிரிக்கணும். தப்பாகப் பிரிச்சா அக்யூரசி குறையும், திரும்ப ரன் பண்ணலாம். அங்கே மனுஷங்களைப் பிரிச்சாங்க. எந்தத் தெருவில் குடியிருக்கலாம், யாரைக் கல்யாணம் பண்ணலாம், எந்த பெஞ்சில் உட்காரலாம், எந்தக் கடற்கரையில் கால் நனைக்கலாம், எல்லாம் அந்த ஒரு லேபிளில் இருந்து வரும். கறுப்பர்கள் எப்பவும் பாஸ் புத்தகம் வெச்சிருக்கணும். இல்லைன்னா ஜெயில்.

இப்படி ஒரு ஊரில் கதை எழுதி என்ன பிரயோஜனம்? என் ரூம்மேட் கேட்ட கேள்வி இது. அவனுக்குப் பிறகு வர்றேன்.

ஏன் சிறுகதை?

நாவல் எழுத ஒரு அறை வேணும், கதவு வேணும், ரெண்டு வருஷம் தொந்தரவு இல்லாமல் ஓடணும். ராத்திரி எப்ப வேணா போலீஸ் கதவைத் தட்டலாம், ஒரே அறையில் ஏழு பேர் படுக்கணும், விடியற்காலையில் எழுந்து நகரத்துக்கு பஸ் பிடிக்கணும் என்றால் நாவல் எங்கே எழுதறது? சிறுகதையை ரெண்டு மூணு ராத்திரியில் முடிக்கலாம். ஒரு பத்திரிகையில் போடலாம். படிக்கிறவனும் பஸ்ஸிலேயே முடிச்சிடலாம். எஸ்கியா எம்பாலேலே என்ற எழுத்தாளர் கிட்டத்தட்ட இதே காரணத்தைத்தான் சொல்லியிருக்கார்.

எம்பாலேலே ஒரு ஸ்கூல் டீச்சர். கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டமான தனிக் கல்வி கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்ததால் 1952ல் அவரைப் பாடம் நடத்தவே கூடாதுன்னு தடுத்துட்டாங்க. பிறகு 'டிரம்' என்ற பத்திரிகையில் கதைப் பகுதிக்கு ஆசிரியர் ஆனார். 1951ல் தொடங்கிய பத்திரிகை அது. குத்துச்சண்டை, ஜாஸ் பாட்டு, அழகிகள் படம், ரவுடிகள் கதை, நடுநடுவே ஜெயில் கொடுமை பற்றிய துப்பறியும் கட்டுரைகள். அதே தாள்களில் சிறுகதையும் வந்தது. யாரும் இலக்கியம் படிக்கிறோம் என்று நினைச்சு அதை வாங்கல. ஜாலிக்கு வாங்கினாங்க, கதையும் சேர்ந்து வீட்டுக்குள் போனது.

1957ல் எம்பாலேலே நாட்டை விட்டே போனார். திரும்பி வந்தது 20 வருஷம் கழிச்சு, 1977ல். வெளியே இருந்தபோது அவர் எழுதின ஒரு நீளமான கதை 'மிஸஸ் பிளம்'. ஜோகன்னஸ்பர்கில் ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டில் வேலை செய்யும் கரபோ என்ற பெண் தானே சொல்லும் கதை. அந்த அம்மா ரொம்ப நல்லவங்க. கறுப்பர்களுக்கு உரிமை வேணும்னு புத்தகம் எழுதறவங்க, அதுக்காக ஜெயிலுக்கும் போறவங்க. வீட்டில் ரெண்டு நாய் வளர்க்கிறாங்க. ஒண்ணு பேர் மான்டி, இன்னொண்ணு பேர் மாலன். மாலன் யார் தெரியுமா? 1948ல் பிரதமரானவர். கரபோ இதைச் சிரிக்காமல் சொல்லிட்டுப் போறா. அந்த நாய்க்குக் கிடைக்கிற கவனிப்பு தனக்குக் கிடைக்குதா என்று அவள் கணக்குப் போடும்போதுதான், நம்ம சிரிப்பு பாதியில் நிற்குது. இந்தக் கதை தாக்குவது கொடுமைக்காரர்களை மட்டுமில்லை. நல்லவங்க என்று தங்களை நினைச்சுக்கிறவங்களையும்தான். இதை ஒரு பேச்சுப் போட்டியில் சொன்னால் கைதட்டல் கிடைக்காது.

சவப்பெட்டி கனமா இருந்தது

இப்ப என்னை ரொம்ப நாள் தூங்கவிடாத கதைக்கு வர்றேன். நாடின் கார்டிமர் எழுதியது. வெள்ளையினப் பெண், 1991ல் நோபல் பரிசு வாங்கினவர். அவருடைய மூணு நாவல்கள் வெவ்வேறு காலத்தில் அந்த நாட்டில் தடை செய்யப்பட்டன. நான் சொல்லும் கதை 1950களில் எழுதப்பட்டது. தலைப்பைத் தமிழில் 'நாட்டின் ஆறடி மண்' என்று சொல்லலாம்.

ஜோகன்னஸ்பர்குக்குக் கொஞ்சம் வெளியே பண்ணை வாங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. கணவன்தான் கதையைச் சொல்றான். பண்ணையில் வேலை செய்யும் பீட்ரஸின் தம்பி ரொடீஷியாவிலிருந்து நடந்தே வந்திருக்கான், பெர்மிட் இல்லாமல். வந்த இடத்தில் நிமோனியாவில் செத்துப்போறான். முதலாளி அதிகாரிகளுக்குச் சொல்றான். அவங்க வந்து உடலை எடுத்துட்டுப் போறாங்க, பிரேதப் பரிசோதனை செய்து அநாதைப் பிணமாகப் புதைச்சிடறாங்க. தம்பி உடல் வேணும்னு பீட்ரஸ் கேட்கிறான். தோண்டி எடுத்துத் தர 20 பவுன் ஆகும் என்கிறார்கள். பண்ணையாட்கள் எல்லாரும் சேர்ந்து எப்படியோ அந்த 20 பவுனைத் திரட்டிடறாங்க. செத்தவனுடைய அப்பா ஊரிலிருந்து வர்றார். சவப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு இடுகாட்டுக்குப் போறாங்க. பாதி வழியில் அந்தக் கிழவர் நிற்கிறார். என் பையன் இவ்வளவு கனம் இல்லையே என்கிறார்.

பெட்டியைத் திறந்து பார்க்கிறாங்க. உள்ளே வேற யாரோ.

அதுக்கப்புறம் நடக்கிறது எல்லாம் ஆபீஸ் வேலை. விசாரிக்கிறாங்க, தேடறாங்க, சரியான உடல் கிடைக்கவே இல்லை. 20 பவுனும் திரும்ப வரலை. முதலாளியின் மனைவி தன் அப்பாவின் பழைய சூட் ஒண்ணைக் கிழவருக்குக் கொடுக்கிறாள். அவர் ஊருக்குத் திரும்பிப் போறார். கதை முடிஞ்சது.

இதில் யாரும் யாரையும் அடிக்கல. சவுக்கு, துப்பாக்கி எதுவும் இல்லை. கதை சொல்பவன் கெட்டவன்கூட இல்லை. கொஞ்சம் எரிச்சல்படுகிற சாதாரண ஆள், அவ்வளவுதான். தொல்லை சீக்கிரம் முடிஞ்சா தேவலை என்று நினைக்கிறவன். ஆனா ஒரு நாட்டில் கறுப்பனின் உடலுக்குப் பேர் கிடையாது, ஒருத்தனுக்குப் பதில் இன்னொருத்தனைக் கொடுத்தால் போதும் என்று ஒரு ஆபீஸே நினைச்சிருக்கு என்பது நமக்கு எப்படித் தெரியுது? ஒரு அப்பாவின் தோளுக்குத் தெரிந்த எடையிலிருந்து.

இதில் மெசேஜ் எங்க என்று யாராவது கார்டிமரிடம் கேட்டிருப்பாங்களா?

சொல்லாமல் விட்டது

அலெக்ஸ் லா கூமா வேற மாதிரி ஆள். கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியில் பிறந்தவர். நேரடி அரசியல்வாதி. 1956ல் தேசத்துரோக வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 156 பேரில் ஒருத்தர். 1962ல் அவரை வீட்டுச் சிறையில் வெச்சாங்க. அவர் எழுதின எதையும் தென் ஆப்பிரிக்காவில் அச்சடிக்கக் கூடாது, மேற்கோள் காட்டவும் கூடாது. அவருடைய முதல் புத்தகம் அதே வருஷம் நைஜீரியாவில் இபாதான் நகரத்தில் அச்சானது. தன் தெருக்காரங்க படிக்க முடியாத புத்தகத்தில் தன் தெருவை எழுதின மனுஷன்!

அவருடைய 'எலுமிச்சைத் தோட்டம்' மிகச் சின்னக் கதை. குளிர் ராத்திரி. சில வெள்ளைக்காரங்க ஒரு கலப்பின ஆசிரியரைக் கையைக் கட்டி, லாந்தர் வெளிச்சத்தில் எலுமிச்சை மரங்களுக்கு நடுவே நடத்திக் கூட்டிட்டுப் போறாங்க. சவுக்கடி கொடுக்கத்தான். அவர் செய்த தப்பு, தனக்கு அநியாயம் செய்தவங்களைக் கோர்ட்டுக்கு இழுத்தது. அவர் அதிகம் பேசறதில்லை. அவங்கதான் பேசிக்கிட்டே வர்றாங்க. மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளி வருது. நிலா, எலுமிச்சை வாசனை. அங்கே கதை நின்னுடுது.

அடி விழலை. அதாவது, லா கூமா எழுதலை. நேரடி அரசியலில் அவ்வளவு சத்தமாக இருந்த மனுஷன், கதையில் சவுக்கை ஓங்கவே விடலை. முதலில் படிச்சப்போ ஏதோ பக்கம் கிழிஞ்சு போச்சுன்னு அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பிறகுதான் உறைச்சது. அடியை எழுதியிருந்தால், நான் பாவம்னு சொல்லிட்டு மூடி வெச்சிருப்பேன். எழுதாததால், அந்த மரங்களுக்கு நடுவே நானும் லாந்தரோட நிற்கிறேன். எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதுதான் கேள்வி.

ஒரு சூட் விருந்தாளி ஆனது

கேன் தெம்பா 'டிரம்' பத்திரிகை நடத்திய சிறுகதைப் போட்டியில் 1953ல் பரிசு வாங்கி உள்ளே வந்தவர். ஜோகன்னஸ்பர்கில் சோஃபியாடவுன் என்ற பகுதியில் அவர் அறைக்கு 'சத்தியத்தின் வீடு' என்று பெயர். நம்ம ஹாஸ்டலில் ஒரு ரூம் இருக்குமே, ராத்திரி ரெண்டு மணிக்கும் பத்து பேர் உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கிற ரூம், அந்த மாதிரி. கறுப்பர்கள் சொந்தமாக நிலம் வெச்சிருந்த பகுதி அது. 1955 பிப்ரவரி 9ம் தேதி போலீஸ் படையோடு வந்து ஆட்களைக் காலி பண்ண ஆரம்பிச்சாங்க. வீடுகளை இடிச்சு, வெள்ளையர்களுக்கான குடியிருப்பைக் கட்டி, அதுக்கு 'ட்ரியோம்ஃப்' என்று பெயர் வெச்சாங்க. வெற்றி என்று அர்த்தம்.

1963ல் நாட் நகாசா என்ற இளைஞர் நடத்தின 'தி கிளாசிக்' இதழில் தெம்பாவின் 'தி சூட்' வந்தது. சோஃபியாடவுனில் ஒரு கணவன், மனைவி. மனைவி வேறொருத்தனோட இருப்பதைக் கணவன் பார்த்துடறான். வந்தவன் சூட்டை விட்டுட்டு ஓடிடறான். கணவன் கத்தலை, அடிக்கலை. இனிமே இந்த சூட் நம்ம விருந்தாளி, சாப்பாட்டு நேரத்தில் அதுக்கும் தட்டு வெச்சுப் பரிமாறணும் என்று மட்டும் சொல்றான். தினமும். ஊர் முன்னாலும்.

கதையின் மையத்தில் அரசாங்கம் இல்லை. ஒரு வீடு, ரெண்டு பேர், ஒரு சூட். ஆனா ஒருத்தரைச் சட்டம் போட்டு, விதி வகுத்து, தினமும் அவமானப்படுத்திக்கிட்டே இருந்தால் கடைசியில் என்ன ஆகும் என்பதை நான் இதைவிடத் தெளிவாக எங்கேயும் படிச்சதில்லை. கணவன் தன் நாட்டிடம் கத்துக்கிட்டதை வீட்டில் செய்யறான் என்று எனக்குத் தோணுச்சு. இது என் வாசிப்பு. நீங்க வேற மாதிரியும் படிக்கலாம். இன்னொண்ணு, இந்தக் கதை அச்சில் வந்தபோது பழைய சோஃபியாடவுனே கிடையாது. புல்டோசர் இடிச்ச தெருவை ஒரு கதை திரும்பக் கட்டி வெச்சிருக்கு.

1966ல் அரசாங்கம், வெளிநாட்டுக்குப் போயிட்ட எழுத்தாளர்கள் பலர் பேரைப் பட்டியல் போட்டு அவங்க எழுத்துக்கு மொத்தமாகத் தடை விதிச்சது. தெம்பா, எம்பாலேலே ரெண்டு பேரும் அந்தப் பட்டியலில் உண்டு. பயன்படுத்தின சட்டம் கம்யூனிச ஒழிப்புச் சட்டம். ஒரு சூட்டுக்குச் சோறு போடற கதை எழுதினவரிடம் என்ன கம்யூனிசம்? ஆனா அரசாங்கம் ஒண்ணும் முட்டாள் இல்லை. டப்பாவுக்குள் இருக்கிறவனுக்கு பொறாமை, வெட்கம், குரூரம், காதல் எல்லாம் உண்டு என்று ஒருத்தன் எழுதிட்டால், டப்பாவின் மூடி சரியாக மூடாது. அது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

நம்ம ஆளுங்களும் அந்த டப்பாவில் இருந்தாங்க. 1860 நவம்பர் 16ம் தேதி மெட்ராஸிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் போய் நின்றது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். அவங்க பேரன் பேத்திகள்தான் நூறு வருஷம் கழிச்சு 'இந்தியர்' என்ற டப்பாவில் போடப்பட்டு, குடியிருந்த இடத்திலிருந்து சாட்ஸ்வொர்த் மாதிரி தனிப் பகுதிகளுக்கு மாற்றப்பட்டாங்க. இந்த இந்தியர் வாழ்க்கையை எழுதினவர்களில் குஜராத்தில் பிறந்து ஜோகன்னஸ்பர்கில் வளர்ந்த அகமது எசோப் முக்கியமானவர். அவருடைய 'ஹாஜி' கதையில், தம்பி ஒருத்தன் தன் சமூகத்தை விட்டுட்டு வெள்ளையர் பகுதியில் வெள்ளைக்காரப் பெண்ணோடு வாழப் போயிடறான். சாகும் நேரத்தில் அண்ணனைப் பார்க்கணும்னு கேட்கிறான். ஹஜ் போய் வந்த அண்ணனால் மன்னிக்க முடியல. மனசு மாறும்போது நேரம் போயிடுது. டப்பாவைச் செய்தது அரசாங்கம். அதை அண்ணன் தன் நெஞ்சுக்குள்ளும் செய்து வெச்சிருந்தான்.

ரூம்மேட்டின் கேள்வி

இப்ப என் ரூம்மேட். "மச்சி, கதை எழுதித்தான் அங்க ஆட்சி மாறிச்சா?"

இல்லை. நேர்மையாகச் சொன்னால் இல்லை. 1960ல் ஷார்ப்வில்லில் பாஸ் சட்டத்தை எதிர்த்துப் போய்ச் செத்த 69 பேர், 1976ல் சோவெட்டோவில் தெருவுக்கு வந்த ஸ்கூல் பிள்ளைகள், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள், ஜெயிலில் கிடந்தவங்க, வெளிநாட்டுப் புறக்கணிப்பு, இதெல்லாம் சேர்ந்துதான் 1994 தேர்தல் வந்தது. கதைகள் ஒரு சட்டத்தையும் ரத்து செய்யலை. எழுதினவங்களுக்கு என்ன கிடைச்சது? நகாசா அமெரிக்காவில் படிக்க வாய்ப்பு வந்தப்போ பாஸ்போர்ட் கிடைக்காமல், திரும்பி வரவே முடியாத அனுமதிச் சீட்டில் போனார். 1965ல் நியூயார்க்கில் ஒரு கட்டடத்திலிருந்து விழுந்து செத்தார். வயசு 28. தெம்பா 1960களின் கடைசியில் ஸ்வாசிலாந்தில் இறந்தார். லா கூமா 1985ல் கியூபாவில். மூணு பேருமே 1994ஐப் பார்க்கலை.

சத்தமாக எழுதினவங்களும் இருந்தாங்க, அவங்களைக் குறைத்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. 1978ல் 'ஸ்டாஃப்ரைடர்' என்று ஒரு இதழ் வந்தது. கூட்டம் நிறைஞ்ச ரயிலில் வெளியே தொங்கிட்டுப் போற பசங்களுக்கு அங்கே அந்தப் பேர். நம்ம பாஷையில் ஃபுட்போர்டு. முதல் இதழையே தடை செய்தாங்க, இருந்தும் தொடர்ந்து வந்தது. அதில் எழுதின முட்டுசெலி மட்ஷோபாவின் கதைகள் போலீஸ் அடாவடியை அப்படியே முகத்துக்கு நேராகச் சொல்லும். அதுவும் தேவைதான்.

ஆனா அந்தக் காலத்திலேயே ஜபுலோ என்டெபெலே ஒரு சங்கடமான கேள்வி கேட்டார். நம்ம கதைகள் கொடுமையின் பிரம்மாண்டத்தையே காட்டிக்கிட்டு இருக்கு, சாதாரண வாழ்க்கை எங்கே போச்சு என்று. கொடுமைக்காரன், பாதிக்கப்பட்டவன் என்று ரெண்டே ரெண்டு பொம்மைகளை நிறுத்தினால், படிக்கிறவனுக்கு ஏற்கெனவே தெரிஞ்சதுதான் திரும்பத் தெரியும் என்றார். அவருடைய 'ஃபூல்ஸ்' தொகுப்பு 1983ல் வந்தது. அதில் ஒரு கதை. ஒரு பையன் உடம்பு சரியில்லாத அம்மாவுக்காக, ஊரில் உள்ள ஒரு அருள்வாக்கு அம்மாவிடம் மந்திரித்த தண்ணீர் வாங்கப் போறான். திரும்பும் வழியில் பாட்டில் உடைஞ்சுடுது. குழாய்த் தண்ணியைப் பிடிச்சு அம்மாவிடம் கொடுக்கிறான். அம்மா குடிச்சுட்டு, இப்ப தேவலை என்கிறாள். அவ்வளவுதான். கறுப்பன் என்றால் இத்தனாம் நம்பர் பாஸ் என்று மட்டும் தெரிஞ்சு வெச்சிருந்த ஒரு ஆட்சியில், அம்மாவிடம் அன்பாகப் பொய் சொன்ன ஒரு பையன்!

எனக்கு இங்கேதான் அந்த நடுவருக்கான பதில் கிடைச்சது. மெசேஜுக்காக எழுதும்போது, கதையில் வரும் ஆள் ஒரு உதாரணம் ஆயிடறான். ஏழைக்கு உதாரணம், கறுப்பனுக்கு உதாரணம், பாவத்துக்கு உதாரணம். அந்த அரசாங்கமும் மனுஷனை அப்படித்தானே பார்த்தது? ஒவ்வொருத்தனும் ஒரு டப்பாவுக்கு உதாரணம். இந்தக் கதைகள் அந்த வேலையைச் செய்ய மறுத்தன. ஆளை ஆளாகவே காட்டின. அதுதான் அந்த அமைதியான எதிர்ப்பு என்று நான் நினைக்கிறேன். ஆட்சி மாற்ற அது போதாது. ஆனா ஆட்சி மாறின பிறகு திரும்பிப் பார்க்க, அங்கே மனுஷங்கதான் வாழ்ந்தாங்க என்று சொல்ல, அது மட்டும்தான் மிச்சம் இருக்கு. அதை அந்தக் காலத்துப் பாஸ் புத்தகம் சொல்லாது.

மறுபடி மெஸ்

இதை எல்லாம் யோசிச்சுட்டு, நான் சரி, நடுவர் தப்பு என்று காட்ட என் பழைய கதையை எடுத்துப் படிச்சேன். கொஞ்சம் அவமானமாக இருந்தது.

கதை அமைதியாகத்தான் இருக்கு. ஆனா அது எனக்கு ஒண்ணும் தெரியாததால் வந்த அமைதி. கார்டிமருக்கு 20 பவுன் தெரியும், பெட்டியின் கனம் தெரியும். தெம்பாவுக்கு அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜை தெரியும். எனக்கு அந்த அண்ணனைப் பற்றி என்ன தெரியும்? நாலு வருஷம் அவர் கையால் சாப்பிட்டிருக்கேன். அவர் பேர்கூடத் தெரியாமல் கதை முழுக்க 'அவர்', 'அவர்' என்றே எழுதியிருக்கேன். அதாவது நானும் ஒரு உதாரணத்தைத்தான் எழுதியிருக்கேன், மெசேஜ் மட்டும் போடாமல்.

போன வாரம் நைட் மெஸ் முடிஞ்ச பிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்து அவரோட பேசினேன். பேர் கேட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன், அது அவருடையது. ஏன் நின்னுக்கிட்டே சாப்பிடறீங்கன்னு கேட்டேன். சிரிச்சார். "உட்கார்ந்தா எந்திரிக்க மனசு வராது தம்பி, இன்னும் அண்டா கழுவணும்ல" என்றார்.

நான் கதையில் அவரைச் சோகமாக நிற்க வெச்சிருந்தேன். அவர் அண்டாவுக்காக நிற்கிறார்.

கதையை முதலிலிருந்து எழுதிக்கிட்டிருக்கேன். இன்னும் முடியல. முடிஞ்சா அடுத்த இதழுக்கு அனுப்பறேன். எடிட்டர் டீம், மெசேஜ் எங்கன்னு மட்டும் கேட்காதீங்க. அண்ணன் பேசினது சரியாக வந்திருக்கா, அண்டா எத்தனைன்னு சரியாக எழுதியிருக்கேனா, அதைக் கேளுங்க.